படிப்படியாய் ஒரு பட்டம்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டை எல்லோருக்கும் தெரியும். அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் அட்டக்குளங்கரை இருக்கிறது. அங்கே ஓர் அரசுப் பள்ளி உண்டு. 2024 ஆகஸ்ட் மாதம் அந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்புத் தேர்வு நடந்தது. எழுத வந்தவர்கள் சிறுவர்கள் அல்ல. எல்லோரும் பெரியவர்கள். அவர்களில் ஒருவரை மற்ற எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது. அவர் மலையாள சினிமா நடிகர் இந்திரன்ஸ்.

இந்திரன்ஸ் திருவனந்தபுரத்துக்காரர். வீட்டில் வறுமை. நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டார். தையல் பழகினார். சினிமாவில் உடை தைக்கும் வேலைக்குப் போனார். பிறகு நடிகர் ஆனார். 2017ஆம் ஆண்டுக்கான கேரள அரசின் சிறந்த நடிகர் விருதும் பெற்றார். பேரும் புகழும் வந்தன. ஆனாலும் விட்டுப்போன படிப்பு மனதில் இருந்தது.

அவர் முதலில் கேட்டது பத்தாம் வகுப்பு. ஆனால் ஏழாம் வகுப்பு தேறியவர்தான் பத்தில் சேரலாம். அதுதான் விதி. ஆகவே ஏழாம் வகுப்பில் சேர்ந்தார். தேர்வு எழுதினார். அந்த ஆண்டு நவம்பரில் முடிவு வந்தது. தேறினார். அப்போது அவருக்கு வயது 68.

இந்தப் பாடத்தில் நாம் பேசப் போவது பட்டப் படிப்பைப் பற்றி. கல்லூரிக்குப் போகாமல் படிக்கும் பட்டம். வீட்டில் இருந்தபடி, செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் பாடம் கேட்டுப் படிக்கும் பட்டம். அப்படியென்றால் ஏழாம் வகுப்புக் கதை எதற்கு? காரணம் இருக்கிறது. "படித்தவர், படிக்காதவர் யாரானாலும் ஒரே வருடத்தில் வீட்டிலிருந்தே டிகிரி" என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். செல்போனிலும் செய்தி வருகிறது. அது நடக்காது. பன்னிரண்டாம் வகுப்பு தேறாமல் யாரும் பட்டப் படிப்பில் சேர முடியாது. நடிகருக்கும் அதே ஏணி. நமக்கும் அதே ஏணி.

எத்தனை படிகள்?

கேரளத்தில் மாநில எழுத்தறிவு இயக்கம் பெரியவர்களுக்காக வகுப்புகள் நடத்துகிறது. நான்கு, ஏழு, பத்து, பன்னிரண்டு என்று நான்கு படிகள். ஊரில் இதைத் 'துல்யதா' என்று சொல்வார்கள். பள்ளிப் படிப்புக்குச் சமமான படிப்பு என்று பொருள். வகுப்புகள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறை நாட்களிலும் நடக்கும். வேலைக்குப் போகிறவர்களும் வரலாம்.

பத்தாம் வகுப்பில் சேர 17 வயது முடிந்திருக்க வேண்டும். பன்னிரண்டில் சேர 22 வயது முடிந்திருக்க வேண்டும். மேலே வயது வரம்பு இல்லை. பத்துக்கு ஒரு கல்வியாண்டு. பன்னிரண்டுக்கு இரண்டு ஆண்டுகள். பன்னிரண்டில் கலைப் பிரிவும் வணிகப் பிரிவும்தான் உண்டு. அறிவியல் பிரிவு இல்லை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் கட்டணச் சலுகை உண்டு. உங்கள் பஞ்சாயத்திலோ வார்டிலோ எழுத்தறிவு இயக்கத்தின் பிரேரக் இருப்பார். அவரிடம் கேளுங்கள். எந்த மொழியில் எழுதலாம் என்பதையும் முதலிலேயே கேளுங்கள். தமிழ் பேசும் நமக்கு அது முக்கியமான கேள்வி.

இன்னொரு வழியும் இருக்கிறது. மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி. இது 1989இல் தொடங்கியது. இங்கே பத்தாம் வகுப்பைத் தமிழிலும் எழுதலாம். ஒரே தடவையில் எல்லாப் பாடமும் தேற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. தேறிய பாடம் தேறியதுதான். மீதியை அடுத்த முறை எழுதலாம்.

செல்போனும் ஒரு பாடம்தான்

இணையவழிப் படிப்புக்குக் கருவி வேண்டும். கருவியைக் கையாளவும் தெரிய வேண்டும். சேர்க்கை, கட்டணம், பாடம், தேர்வுச் சீட்டு எல்லாம் செல்போன் வழியாகத்தான். மகனையோ பேத்தியையோ ஒவ்வொரு தடவையும் கூப்பிட முடியுமா? ஒரு மாதம் கூப்பிடலாம். ஆறு வருடம் கூப்பிட முடியாது.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் வெஞ்ஞாறமூடு பக்கம் புல்லம்பாறை என்று ஒரு பஞ்சாயத்து. அங்கே நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் கூலி வந்துவிட்டதா என்று பார்க்க வங்கிக்குப் போவார்கள். வேலையை விட்டுவிட்டுப் போக வேண்டும். பணம் வந்திருக்காது. திரும்பி வருவார்கள். அன்றைய கூலி போச்சு. கூலியைத் தேடிப் போய்க் கூலியை இழந்தார்கள்! கையில் இருக்கும் செல்போனிலேயே அதைப் பார்க்கலாமே என்று பஞ்சாயத்தில் யோசித்தார்கள். 2021இல் வேலை தொடங்கியது. வீட்டுத் திண்ணையிலும், வேலை நடக்கும் இடத்திலும், அயல்கூட்டத்திலும் வகுப்பு நடந்தது. இளைஞர்களும் குடும்பஸ்ரீ பெண்களும் சொல்லிக் கொடுத்தார்கள். 2022 செப்டம்பரில் அது முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற பஞ்சாயத்து என்று அறிவிக்கப்பட்டது. கேரளத்தில் அதுவே முதல். அந்த வழியில் மாநிலம் முழுவதும் வகுப்புகள் நடந்தன. 2025 ஆகஸ்ட் 21 அன்று கேரளம் முழுவதையும் அப்படி அறிவித்தார்கள்.

ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயனி அம்மாவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2018இல், 96 வயதில், எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கியவர். 2020இல் குடியரசுத் தலைவர் கையால் நாரி சக்தி விருது பெற்றார். தேர்வு முடிந்ததும் கம்ப்யூட்டர் கற்க ஆசை என்று சொன்னார். அவருக்கு மடிக்கணினி பரிசாகக் கிடைத்தது. 2023 அக்டோபரில் காலமானார்.

தபாலில் இருந்து செல்போன் வரை

வீட்டிலிருந்தே பட்டம் என்பது புதிய யோசனை இல்லை. 1962இலேயே டில்லிப் பல்கலைக்கழகம் தபால் வழிக் கல்வியைத் தொடங்கியது. பாடம் தபாலில் வரும். படித்துப் பரீட்சை எழுதலாம். பிரிட்டனில் 1969இல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவானது. அங்கே வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாடம் நடத்தினார்கள். வேலை முடிந்து வந்தவர்களும், குழந்தைகளைத் தூங்க வைத்த தாய்மார்களும் பாடம் கேட்டார்கள்.

நம் நாட்டில் 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. சுருக்கமாக இக்னோ என்பார்கள். இதற்குத் திருவனந்தபுரத்தில் மண்டல மையம் இருக்கிறது. கேரளத்துக்கென்று ஸ்ரீநாராயணகுரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2020 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அதன் தலைமையிடம் கொல்லம். ரயிலில் போய்க் காரியம் முடித்து அன்றே திரும்பிவிடலாம்.

இதில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொலைநிலைக் கல்வி என்பது ஒன்று. புத்தகம் வரும், இணையத்திலும் பாடம் கேட்கலாம், சில நாட்கள் மையத்தில் வகுப்பு நடக்கும். தேர்வை மையத்துக்குப் போய்ப் பேனாவால் எழுத வேண்டும். முழு இணையவழிப் படிப்பு என்பது வேறு. அதில் வகுப்பும் தேர்வும் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் நடக்கும். அரசு ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகம் என்றால் இரண்டுமே கல்லூரிப் பட்டத்துக்குச் சமம். எழுத்து இன்னும் முழுதாகக் கைவராதவர்களுக்கு முதல் வகையே நல்லது என்பேன். கையில் புத்தகம் இருக்கும். நேரில் கேட்க ஓர் ஆசிரியர் இருப்பார்.

மொழிப் பிரச்சினையை மறைக்கக் கூடாது. இக்னோவின் பெரும்பாலான பட்டப் பாடங்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் கிடைக்கும். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இல் சென்னையில் தொடங்கியது. தமிழில் படிக்க அது உதவும். ஆனால் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி மையம் அந்த மாநிலத்துக்குள்தான் இருக்கலாம். ஆகவே களியக்காவிளையைத் தாண்டிப் போய்ப் படிக்கவும் தேர்வு எழுதவும் முடியுமா என்று முதலில் யோசிக்க வேண்டும். முழு இணையவழிப் படிப்புக்கு மட்டும் இந்த எல்லை இல்லை.

ஏமாறாமல் இருக்க

இரண்டு பேர் இப்படிப் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம்.

"அக்கா, முப்பதாயிரம் கொடுத்தால் பரீட்சை இல்லாமலே பி.ஏ. வாங்கித் தருவாராம்."

"எந்தப் பல்கலைக்கழகம்?"

"பெயர் பெரிசா இருக்கு. இங்கிலீஷில் சொன்னார்."

"ரசீது தருவாரா?"

"பணம் கட்டிய பிறகு சொல்றேன்னார்."

அக்கா கேட்ட இரண்டு கேள்விகளும் சரியான கேள்விகள். இந்தியாவில் பட்டம் கொடுக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு கவனிக்கிறது. சுருக்கமாக யு.ஜி.சி. என்பார்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அது வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் கேரளப் பெயர்களும் இருக்கின்றன. செயின்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம், கிஷநாட்டம் என்ற பெயர் அதில் பல ஆண்டுகளாக இடம்பெற்று வந்தது. போலிப் பட்டத்தால் வேலை கிடைக்காது. கிடைத்த வேலையும் போகும். வழக்கும் வரலாம்.

எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் படிப்பைத் தொலைநிலையிலோ இணையவழியிலோ நடத்தலாம் என்ற பட்டியல் யு.ஜி.சி.யின் இணையதளத்தில் இருக்கும். நீங்கள் சேரும் ஆண்டின் பட்டியலைப் பாருங்கள். போன ஆண்டு இருந்த பெயர் இந்த ஆண்டு இல்லாமல் போகலாம். மருத்துவம், நர்சிங், பார்மசி, எஞ்சினியரிங், சட்டம் ஆகியவற்றில் இந்த வழியில் பட்டம் கிடையாது. யாராவது தருவதாகச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

2024 முதல் இன்னொரு ஏற்பாடும் வந்திருக்கிறது. தொலைநிலையிலும் இணையவழியிலும் சேர்கிறவர் முதலில் யு.ஜி.சி.யின் தளத்தில் தமக்கென்று ஓர் அடையாள எண் எடுக்க வேண்டும். அதற்கு டெப் எண் என்று பெயர். அதை நீங்களே எடுங்கள். அட்சயா மையத்தில் உதவி கேட்டாலும் பக்கத்தில் இருந்து பாருங்கள். செல்போனில் வரும் ரகசிய எண்ணை முகம் தெரியாத யாருக்கும் சொல்லாதீர்கள். கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே கட்டுங்கள்.

பெயர் விஷயத்தில் கவனம் வேண்டும். ஆதாரில் ஒரு பெயர், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்றால் பல இடங்களில் தடை வரும். நம் ஆட்களுக்கு இது அதிகம் நேரும். அப்பா பெயரின் முதல் எழுத்து ஒன்றில் முன்னால் இருக்கும். இன்னொன்றில் பின்னால் இருக்கும். ஒன்றில் இருக்கவே இருக்காது. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதே ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துவிடுங்கள். பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.

ஒரு கணக்கு

இப்போது நேரத்துக்கு வருவோம். பட்டப் படிப்பில் பாடத்தின் அளவைக் கிரெடிட் என்ற அலகால் அளக்கிறார்கள். அரிசியைக் கிலோவில் அளப்பது போல. தொலைநிலைக் கல்வியில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரப் படிப்பு. மூன்று ஆண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும்.

120 × 30 = 3600 மணி நேரம்.

இதை மூன்று ஆண்டில் முடிக்க வேண்டும் என்றால் தினமும் ஏறக்குறைய 3 மணி 20 நிமிடம் படிக்க வேண்டும். ஒரு நாளும் விடக் கூடாது. வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, இது முடியுமா? பலருக்கு முடியாது. ஆனால் இக்னோவில் மூன்று ஆண்டுப் பட்டத்தை முடிக்க ஆறு ஆண்டுகள் வரை நேரம் தருகிறார்கள். ஆறு ஆண்டு என்றால் தினமும் 1 மணி 40 நிமிடம் போதும்.

சாலைக் கடைத்தெருவில் துணிக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். காலை 9 மணிக்குக் கடை. இரவு 8 மணிக்கு விடுவார்கள். வீட்டுக்கு வந்து சமையல். இரவில் புத்தகத்தைத் திறந்தால் தூக்கம்தான் வரும். விடியற்காலை 5 மணி முதல் 6 மணி வரை அவருக்குக் கிடைக்கும். ஆறு நாளைக்கு ஆறு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை பகலில் ஐந்தரை மணி நேரம். வாரத்துக்கு 11½ மணி ஆகிறது. ஆண்டுக்கு 52 வாரம். ஆறு ஆண்டுக்கு 3588 மணி. கணக்கு ஏறக்குறைய சரியாக வருகிறது.

ஆனால் ஆற்றுகால் பொங்கல் வரும். ஓணம் வரும். ஓணத்துக்கு முன் துணிக்கடையில் மூச்சுவிட நேரம் இருக்காது. பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். அந்த வாரங்களில் படிப்பு நடக்காது. அதனால் மற்ற வாரங்களில் ஒரு மணி கூடுதலாகச் சேர்த்து வைக்க வேண்டும். சீட்டுப் பணம் கட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும்.

என்னைக் கேட்டால், வேலைக்குப் போகிறவர்கள் ஆறு ஆண்டு என்றே மனதில் வைத்துச் சேர்வது நல்லது. நாலில் முடிந்தால் லாபம். மூன்றில் முடிப்பேன் என்று சேர்ந்து, முதல் ஆண்டிலேயே பின்தங்கி, வெட்கப்பட்டு விட்டுவிடுகிறவர்கள் உண்டு. பல பல்கலைக்கழகங்களில் இப்போது முதல் ஆண்டோடு நின்றாலும் சான்றிதழ், இரண்டாம் ஆண்டோடு நின்றால் டிப்ளமா என்ற ஏற்பாடும் வந்திருக்கிறது. சேரும்போதே இதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே நின்றுபோகிறது?

சேர்வது எளிது. முடிப்பதுதான் பாடு. பாடம் புரியாததால் மட்டும் படிப்பு நின்றுபோவதில்லை. ஒரு தேதியைத் தவறவிட்டாலும் நின்றுபோகும்.

இக்னோவை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டுக்கு மறுபடியும் பதிவு செய்ய வேண்டும். அதற்கு ஒரு கடைசித் தேதி. வீட்டில் எழுதி ஒப்படைக்கும் கட்டுரைகள் உண்டு. அவற்றை அசைன்மென்ட் என்பார்கள். அதற்கு ஒரு தேதி. பெரும்பாலான பாடங்களில் நூற்றில் 30 பங்கு மதிப்பெண் இதற்குத்தான். மீதி 70 பங்கு தேர்வுக்கு. தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும். தேர்வுக்குத் தனியாக விண்ணப்பம் போட வேண்டும். தனிக் கட்டணம் கட்ட வேண்டும். அதற்கும் ஒரு தேதி. படிப்பில் சேர்ந்ததே போதும், தேர்வுக்குத் தானாகக் கூப்பிடுவார்கள் என்று இருந்துவிட்டால் அந்தத் தேர்வு கைவிட்டுப் போகும். வீட்டுக் காலண்டரில் இந்தத் தேதிகளைச் சிவப்பு மையில் குறித்து வையுங்கள். செல்போன் காணாமல் போனாலும் காலண்டர் சுவரில் இருக்கும்.

இன்னொன்று கையெழுத்து. பாடத்தைச் செல்போனில் கேட்கிறோம். பார்க்கிறோம். கேட்டதெல்லாம் தெரிந்தது போல இருக்கும். தேர்வில் இரண்டு மூன்று மணி நேரம் பேனா பிடித்து எழுத வேண்டும். கை பழகவில்லை என்றால் தெரிந்ததைக்கூட எழுத நேரம் போதாது. நேற்று எழுதப் படிக்கக் கற்றவர்களுக்கு இது பெரிய விஷயம். அரை மணி வீடியோ பார்த்தால் கால் மணி எழுதுங்கள். கேட்டதை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். பிழை வந்தால் வரட்டும்.

மழைக்காலத்தில் கரண்ட் போகும். நெட் நிற்கும். வீடியோவை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளலாம். படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தால் டேட்டா குறைவாகச் செலவாகும். வீட்டில் இடமும் அமைதியும் இல்லை என்றால் பாளையத்தில் மாநில மத்திய நூலகம் இருக்கிறது. 1829இல் தொடங்கிய பழைய நூலகம். ஊரிலேயே வாசகசாலை இருந்தால் அது இன்னும் நல்லது. பஸ் கூலி மிச்சம்.

தனியாகப் படிப்பது கடினம். ஒரே படிப்பில் இரண்டு பேர் சேர்ந்தால் ஒருவர் சோரும்போது மற்றவர் இழுத்துக்கொண்டு போவார். வீட்டாரிடமும் முன்பே பேசிவிடுங்கள். "அடுத்த ஆறு வருடம் காலையில் ஒரு மணி நேரம் என்னைக் கூப்பிடாதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். காப்பியை வேறு யாராவது போடட்டும்.

கலந்து பேசுவோம், எழுதுவோம்

உங்கள் குழுவில் ஒவ்வொருவரும் கடைசியாகத் தேறிய வகுப்பு எது? அடுத்த படி எது? பட்டம் வரை எத்தனை ஆண்டு ஆகும்? கூட்டிச் சொல்லுங்கள்.

உங்கள் ஆதார் அட்டையையும் பள்ளிச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெயர், பிறந்த தேதி இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா?

நேற்று காலை எழுந்தது முதல் இரவு படுத்தது வரை செய்த வேலைகளை எழுதுங்கள். எதிரே நேரத்தைக் குறியுங்கள். 1 மணி 40 நிமிடத்தை எங்கிருந்து எடுப்பீர்கள்?

ஒரு நாளைக்கு 2 மணி நேரம் படித்தால் 3600 மணி நேரத்தை எத்தனை நாளில் முடிக்கலாம்? அது எத்தனை ஆண்டு?